சாலைக்குக் குறுக்கே ஒரு ரப்பர் குழாய்

எங்க வீட்டுக்காரர் பஞ்சர் ஒட்டுறவர். ஊர்ல அவருக்குப் பேரே 'சந்தேகம்'. வச்சவன் நல்லாத்தான் வச்சிருக்கான். புதுப் பூட்டு வாங்கிட்டு வந்தா, திருடன் உடைக்க முடியுமான்னு முதல்ல இவரே சுத்தியலால அடிச்சுப் பார்ப்பார். அது உடைஞ்சதும், "பார்த்தியா, நான் சொன்னேன்ல"ம்பார். இந்த மனுஷனோட குடும்பம் நடத்துறேன் நான்!

இப்படிப்பட்டவர் கடை வாசல்ல வந்து நின்னுச்சு ஒரு பொறியாளர் குழு. நகர வளர்ச்சித் திட்டம் போட எங்க நகராட்சிக்குத் துப்பில்லையாம். அதனால அரசாங்கமே தொழில்நுட்ப உதவிக்கு ஆள் அனுப்பியிருக்கு. அவங்க கடை முன்னாடி இருக்கிற பெரிய சாலைக்குக் குறுக்கே கறுப்பா ஒரு ரப்பர் குழாயை ஆணி அடிச்சு, ஓரத்துல ஒரு பெட்டியோட சேர்த்துட்டாங்க. வண்டி ஏறி இறங்கினா பெட்டி எண்ணிக்கும்.

"எதுக்கு சார்?"ன்னு கேட்டார் இவர்.

"எந்த ரோட்டுல லாரி அதிகம் போகுதோ, அதை அகலப்படுத்தணும் அண்ணே"ன்னார் பொறியாளர்.

அகலப்படுத்தினா முதல் பலி எங்க கடைதான். எங்க அடுப்பு எரியறதே அந்தக் கடையால. இவரோ சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தார். ஏதோ திட்டம் போட்டுட்டார்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

மறுநாள்லேர்ந்து ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி, "முன்னாடி செக்கிங் நடக்குதுப்பா, பின் தெரு வழியா சுத்திப் போயிடு"ன்னு அனுப்பிவிட்டார். எல்லா டிரைவரும் தெரிஞ்சவங்க, நம்பிப் போனாங்க. அந்தப் பின் தெருவுலதான் எங்க வீடு. ஒரு வாரம் ஒரே ஹாரன், ஒரே புழுதி. துவைச்ச துணியைக் காயப் போட முடியல.

"ஏங்க, நம்ம தெருவுலயும் அதே மாதிரி ஒரு குழாய் கிடக்குதுங்க"ன்னேன்.

"அது சும்மா கண்துடைப்பு. நம்மளைக் குழப்பத்தான் போட்டிருக்கான். ஆமா, உன்கிட்ட யார் சொன்னா?"

"என் கண்ணு சொல்லுச்சு!"

ரெண்டு மாசம் கழிச்சு நகராட்சி மண்டபத்துல கூட்டம். சுவர்ல பெரிய வரைபடம். சிவப்புக் கோடு பெரிய சாலையை விட்டுட்டு, நேரா எங்க தெருவுல ஓடுது. எங்க முன் அறையும் அடுப்படியும் கோட்டுக்கு உள்ள.

"லாரி எல்லாம் இங்கதான் போகுது. எண்ணியே பார்த்தாச்சு"ன்னார் பொறியாளர். "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

இவர் வாயைத் திறந்தா கடை போகும், மூடினா வீடு போகும். நான் தொடையில கிள்ளினேன். நான் கிள்ளலைன்னாலும் எந்திரிச்சிருப்பார்னு இப்பத் தோணுது. எந்திரிச்சு நின்னார்.

"சார், அந்த லாரியை எல்லாம் திருப்பி விட்டது நான்தான். கடையைக் காப்பாத்திக்கப் பொய் சொன்னேன். பெரிய சாலையையே எடுத்துக்கங்க. கடை போனாப் போகட்டும்."

மண்டபமே சிரிச்சுது. பொறியாளர் பாவமாப் பார்த்தார்.

"அண்ணே, வீடு போகுதுன்னா எல்லாரும் இப்படி ஏதாவது சொல்றதுதான். உட்காருங்க."

"சத்தியமா சார்!"

"அடுத்தவங்க பேசலாம்"னுட்டார் அவர்.

வெளிய வந்து படியில உட்கார்ந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கல. வாயில வச்சிருந்த திட்டையெல்லாம் முழுங்கிட்டுப் பக்கத்துல உட்கார்ந்தேன்.

"நீயாவது என்னை நம்புறியா?"ன்னார்.

"நம்புறேங்க."

தலையைத் தூக்கி என் முகத்தையே பார்த்தார்.

"நிஜமாத்தான் சொல்றியா?"