நான்காம் வகுப்பு டி பிரிவு

பள்ளி பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை ஒரு வாரம் காலியாகவே கிடந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து புதிதாக வந்த ஆங்கில ஆசிரியை, கறுப்பினப் பெண். மற்ற ஆசிரியைகள் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நான்கு பேராக நெருக்கிக்கொண்டு வந்தார்கள். நானும் பெரிய மனதோடு போய் அங்கே உட்காரவில்லை. ஒரு நாள் ஏறும்போது நெருக்கிக்கொள்ளவும் இடமில்லை, அதனால் உட்கார்ந்தேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

ஷார்ஜாவில் அந்தத் தனியார் பள்ளியில் பதினோரு வருடமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். நான்காம் வகுப்பில் நான்கு பிரிவுகள். வருடத் தொடக்கத்தில் ஒரு தேர்வு வைத்து, மார்க்கைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பதாகச் சொல்வார்கள். மற்ற மூன்றும் மேல் தளத்தில், டி பிரிவு தரைத்தளத்தின் கடைசி அறை. சூடான், நைஜீரியா, சோமாலியா பிள்ளைகள் எல்லாரும் அங்கே. கூடவே நம் ஊர் டிரைவர்கள், ஏசி மெக்கானிக்குகளின் பிள்ளைகள் நாலைந்து பேர். பதினோரு வருடம் அந்த அறைக்குள் போய் வந்திருக்கிறேன். ஒரு நாளும் எனக்குக் கேள்வி எழவில்லை. புதிதாக வந்தவருக்கு மூன்று வாரம் போதுமாக இருந்தது.

“தொடக்கத் தேர்வில் கணக்குத் தாளைத் திருத்தியது நீங்கள்தானே?” என்று பஸ்ஸில் கேட்டார். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். “என் வகுப்பில் இருக்கும் சூடான் பெண் எவ்வளவு வாங்கினாள்?”

ஐம்பதுக்கு ஐம்பது. நான்கு பிரிவுக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான். கடைசிக் கணக்கை நான் சொல்லிக்கொடுக்காத ஒரு வழியில் போட்டிருந்தாள், அதனால் நன்றாகவே நினைவிருந்தது.

“ஞாபகம் இல்லை” என்றேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மாவும் ஆசிரியை. கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய பள்ளியில், ஒரே அறையில் தொண்ணூறு பிள்ளைகளுக்கு, பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருக்கப் பாடம் நடத்தியவர். சட்டம் மாறியதும் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெள்ளையர் பள்ளிக்குப் போனார். சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் உள்ளே கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. ஆங்கிலம் போதாது என்று காரணம் சொன்னார்கள். அம்மா தன் பள்ளி முடிந்த கையோடு தினமும் அந்தத் தலைமையாசிரியர் அறை வாசலில் போய் நின்றார். ஒரு பருவம் முழுக்க நின்றுதான் அந்த வகுப்பைக் கலைக்க வைத்தார்.

“அப்படிப்பட்ட வகுப்பில் உட்கார்ந்து படித்தவள் நான். இப்போது எனக்கு அதே வகுப்பைக் கொடுத்து, நடத்து என்கிறார்கள்” என்றார். குரல் உயரவில்லை. கைப்பையின் வாரை மட்டும் முறுக்கிக்கொண்டே வந்தார்.

அந்த வாரமே நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். எந்த மார்க்கை வைத்துப் பிரித்தீர்கள், காட்டுங்கள் என்பதுதான் விஷயம். ஆசிரியர் அறையில் எல்லாரிடமும் கையெழுத்துக் கேட்டார். ஒருவரும் போடவில்லை, நானும்தான். விசா பள்ளி கொடுத்தது, என் மகள் அதே பள்ளியில் ஏ பிரிவில் படிக்கிறாள். சொல்லக் காரணங்கள் இருந்தன. இன்று எழுதிப் பார்க்கையில் ஒன்றும் காரணமாகத் தெரியவில்லை.

அடுத்த மாதம் ஏ பிரிவு ஆங்கில ஆசிரியை பிரசவ லீவில் போக, அந்த வகுப்பையும் இவரிடம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு தமிழ் அம்மா என்னைத் தேடி வந்தார். நல்ல சேலை, நல்ல படிப்பு, கணவர் வங்கியில் அதிகாரி.

“டீச்சர், நீங்க நம்ம ஆளுங்கறதால சொல்றேன். அந்த மிஸ்ஸ மாத்தச் சொல்லுங்களேன். பாப்பா பயப்படுறா.”

“எதுக்குப் பயப்படுறா?”

“உங்களுக்குத் தெரியாதா டீச்சர்… ஆளு பாக்கவே ஒரு மாதிரி… கருகருன்னு.”

அந்த அம்மாவும் கறுப்பு. நானும் கறுப்பு. திருநெல்வேலியில் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு முறை என் நிறத்தைச் சொல்லி எழுந்து போனார்கள். அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

“உங்க பாப்பா கண்ணாடி பாக்குறப்ப பயப்படுறாளா?” என்றேன்.

அவர் முகம் செத்துப் போனது. கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் வந்த கோபத்தைவிட, அவர் “நம்ம ஆளு” என்று என்னைச் சரியாகத்தான் அடையாளம் கண்டிருக்கிறார் என்ற நினைப்பு அதிகமாகச் சுட்டது.

நேராக ஆசிரியர் அறை அலமாரிக்குப் போய்த் தொடக்கத் தேர்வு விடைத்தாள்களை எடுத்தேன். டி பிரிவில் ஏழு பேர் ஏ பிரிவின் பாதிப் பேரைவிட அதிகம் வாங்கியிருந்தார்கள். பட்டியல் எழுதி, ஆங்கில ஆசிரியையிடமே கிடந்த கடிதத்தோடு இணைத்து, அடியில் கையெழுத்துப் போட்டேன். இருவருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

எங்கள் பிரிவுகளுக்கு மேற்பார்வையாளராக இருந்த அம்மா சென்னைக்காரர். என்னை மட்டும் தனியே கூப்பிட்டார்.

“உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? அது யாரோ, ரெண்டு வருஷத்துல போயிரும். நீங்க இங்கயே இருக்கணும்ல?”

“இந்தப் புள்ளைங்களும் இங்கதான் இருக்கணும் மேடம்.”

“பேரன்ட்ஸ் கேக்குறாங்கம்மா. நான் என்ன பண்ண?”

“அப்ப எதுக்கு டெஸ்ட் வைக்கிறீங்க? கலர் சார்ட் ஒண்ணு வாங்கி வச்சிருங்களேன்.”

அவருக்குக் கோபம் வந்தது. வரட்டும் என்று நின்றேன்.

நிர்வாகம் அந்த ஏழு பேரை மேல் தளத்துக்கு மாற்றியது. சூடான் பெண் ஏ பிரிவுக்குப் போனாள். பிரிவுகள் அப்படியே நீடித்தன. ஆங்கில ஆசிரியைக்கு வருட முடிவில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கேட்டதற்கு, அலுவலகத்தில் ஒருவர் கையைத் தட்டி அரபியில் “கலாஸ்”, முடிந்தது, என்றாராம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்தாலும் கோபம்தான் வருகிறது. சண்டை போட்டது இருவர், வெளியே போனது ஒருவர்.

போவதற்கு முந்திய நாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “ஞாபகம் இல்லை என்று அன்றைக்குப் பொய் சொன்னேன்.”

“தெரியும். அவள் தாளை நான் அப்போதே பார்த்துவிட்டேன். உங்கள் வாயால் கேட்கத்தான் கேட்டேன்” என்றார்.

இந்த வருடம் டி பிரிவுக்கு வகுப்பாசிரியையாக என்னையே போடும்படி எழுதிக் கொடுத்தேன். போட்டிருக்கிறார்கள். தொடக்கத் தேர்வு மார்க்குகளை முதல் நாளே பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். போன வாரம் மூன்று பெயர்களோடு மேற்பார்வையாளர் அறைக்குப் போனேன். “மறுபடியுமா?” என்றார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே பட்டியலை வாசித்தேன்.