பதினோராவது படி

ஒருவர் வந்து தங்குவதற்காக நாம் வீடு தேடுகிறோமா, அல்லது வீடு தேடுவதற்காக ஒருவரை வரவழைத்து மனத்தில் வைத்துக்கொள்கிறோமா? லிஃப்ட்காரர் இப்படியொரு கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கேட்டது அவருடைய வாழ்க்கைதான்.

லிஃப்ட் பழுதுபார்ப்பதில் அவருக்கு முப்பத்தோரு வருட அனுபவம். கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் தூக்குக்குண்டு. லிஃப்ட் ஓடும் தண்டவாளம் நேராக நிற்கிறதா என்று பார்க்க, உச்சியிலிருந்து நூலில் கட்டித் தொங்கவிடும் இரும்புக் குண்டு அது. அதன் ஆட்டம் அடங்கும்வரை பக்கத்தில் நிற்பவர்கள் பேசமாட்டார்கள். இவர் பக்கத்தில் நிற்பவர்களும் அப்படித்தான்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்தபோது அவருக்கு வயது ஒன்பது, அக்காவுக்குப் பதினேழு. அவள்தான் வளர்த்தாள். தம்பி ஒரு வேலையில் உட்கார்ந்த பிறகுதான் கழுத்தை நீட்டினாள். இப்போது அவள் வீட்டுக்காரர் இல்லை. மகன் வீட்டில், துணி காயப்போடும் இடத்தை ஒட்டிய சின்ன அறையில் இருக்கிறாள். இரண்டு வருடங்களுக்கு முன்னால் மருமகளோடு ஏதோ மனஸ்தாபம் வந்து, தம்பிக்குப் போன் செய்தாள்.

"பேசாம உன்கிட்டயே வந்துடறேன்டா" என்றாள்.

மறுநாளே மாமியாரும் மருமகளும் சமாதானம் ஆகிவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் தம்பியின் காதில் விழுந்தாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீடு பார்க்கக் கிளம்பினார்.

இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைப் பார்ப்பார். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காதை வைப்பார். கடைசியில் ஒன்று பிடித்தது. நெரிசலான தெருவில் புதிதாகக் கட்டிய பதினான்கு வரிசை வீடுகளில் ஆறாவது. பதினான்கு அடி அகலம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுக்காரரோடு பொதுச்சுவர். மாடிக்கு மாடி வெளிச்சம். உச்சி மாடியில் கிழக்கு பார்த்த அறை அக்காவுக்கு. அவள் கைக்கு எட்டுகிற மாதிரி சுவிட்சுகளை இறக்கி வைக்கச் சொன்னார். குளியலறையில் வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பிகள். பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று அக்காவின் நடையிலேயே நடந்து பார்த்தார்.

படிகளை மட்டும் அவர் பார்க்கவில்லை.

அதை அலட்சியம் என்று சொல்ல முடியாது. லிஃப்ட் நின்ற பிறகுதான் லிஃப்ட்காரனைக் கூப்பிடுவார்கள். ஆகவே எந்தக் கட்டடத்திலும் அவர் படியேறித்தான் போவார், தோளில் கருவிப்பையோடு. மூச்சு விடுவதை யார் எண்ணுகிறார்கள்? அவர் படிகளை எண்ணியதில்லை. அக்காவுக்கு முட்டி வலி இருப்பது தெரியும். ஆனால் அவர் பார்த்ததெல்லாம் மகன் வீட்டுச் சமதரையில் நடமாடுகிற அக்காவைத்தான்.

பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவளை அழைத்துக்கொண்டு வந்தார்.

"என்னடா, வாசல் இருக்கு, வண்டி நிறுத்த இடம் இருக்கு. வீட்டைக் காணோம்?"

"மேல இருக்குக்கா."

"அப்ப என் ரூமு?"

"அதுக்கும் மேல."

அவள் அண்ணாந்து பார்த்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பதினோராவது படியில் உட்கார்ந்துவிட்டாள். முதல் மாடிக்கே இன்னும் ஏழு படி இருந்தது.

"ஊர்ல இருக்கிற கிழவிங்களையெல்லாம் பெட்டியில வெச்சு ஏத்தி இறக்கறவன், கூடப்பொறந்தவளுக்கு ஏணி வாங்கியிருக்கான்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவர் நான்கு படி கீழே நின்றிருந்தார். "நான் இதை யோசிக்கலக்கா."

"விடு. முட்டி நல்லா இருந்தா வந்திருக்க மாட்டேனா?"

பிறகு எழுந்து இறங்கினாள். முட்டி வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம் என்பது அவருக்குத் தெரியும். நின்றுபோன லிஃப்டுகளின் பக்கத்தில் அப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். அக்கா சுவரைப் பிடிக்காமல் இறங்கினாள், பேரனுடைய பள்ளிக்கூட வேனைப் பற்றிப் பேசிக்கொண்டே. கையிலிருந்த சுமையை யாரோ வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது அவள் முகம். அவர் அதைப் பார்த்தார்.

கூட்டாளிக்கு விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நீயே உள்ள ஒரு லிஃப்ட் போட்டுக்க வேண்டியதுதானேய்யா, தூக்குக்குண்டு."

"லிஃப்டுக்குக் குழி தோண்டினா பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துல இடிக்கும்" என்றார் அவர். கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்.

"அப்ப ஒரு ஆளுக்கு மூணு மாடியா? மாடிக்கு ஒரு தடவ உன்னையே குடிவெச்சுக்கப்போறியா?"

வீட்டுத் தரகர் கெட்டிக்காரர். இரண்டு தெரு தள்ளி, ஒரு அடுக்ககத்தின் நாலாவது மாடியில் வீடு காட்டினார். இரண்டு படுக்கையறை, வாசலுக்கு எதிரிலேயே லிஃப்ட். அந்த லிஃப்டை மாதாமாதம் பார்ப்பதே இவர்தான். "இதவிட்டா அமையாது சார். அக்காவ நாளைக்கே கூட்டிட்டு வந்துடலாம். ரெண்டையும் கட்டினவர் ஒருத்தர்தான், மாத்திக்கலாம்னு சொல்லிட்டார்."

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தார்.

"லிஃப்ட் இருக்கற வீடு ஒண்ணு இருக்கு. நீ வரேன்னா அதையே எடுத்துடறேன்."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

"நீ கூப்ட்டா வராம எங்க போகப்போறேன்? எடு" என்றாள் அக்கா. பிறகு, "பேரன் சின்னவனுக்குத்தான் என்னை விட்டா தூக்கம் வராது. பழகிக்குவான்" என்றாள்.

"சரிக்கா."

பத்தாம் நாள் காலை, பதிவு அலுவலகத்தில் தரகர் அடுக்ககத்துக் காகிதங்களை மேலேயும் வரிசை வீட்டுக் காகிதங்களை அடியிலும் வைத்து மேசையில் தள்ளினார். லிஃப்ட்காரர் மேலே இருந்த காகிதக்கட்டை எடுத்து ஒதுக்கி வைத்தார். அடியில் இருந்ததில் ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டார்.

"சார், அது மூணு மாடி வீடு. அக்கா எப்படி ஏறுவாங்க?"

அவர் பேனாவை மூடித் தரகரிடமே கொடுத்தார்.

அக்கா ஒரே ஒரு முறை கேட்டாள். "ஏண்டா அதையே எடுத்தே? நான்தான் வரேன்னேனே."

"நீ சாப்டியா?" என்று கேட்டார் அவர்.