கழுதைக் கணக்கில் நின்ற மேஜை

1957 வைகாசியில், நாற்பத்தொரு வயதில், கூத்தையா ஆசாரியின் வலது முழங்கால் மடங்குவதை நிறுத்திக்கொண்டது. பாரவண்டியிலிருந்து சரிந்த வேப்பந்தடி காலில் விழுந்திருந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது; முட்டி மட்டும் கம்பாக நின்றுவிட்டது.

வேறு தொழில் என்றால் நொண்டிக்கொண்டே பார்த்திருக்கலாம். திருப்புல்லாணிப் பக்கம் ஆசாரி என்றால் தரையில் உட்கார்ந்து வேலை செய்பவர். ஒரு காலை மடக்கி, மற்றக் காலால் மரத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இழைப்புளியை ஓட்டுவார். கூத்தையாவால் உட்கார முடியவில்லை. யாராவது பிடித்து உட்காரவைத்தால் எழ முடியவில்லை.

மனைவி இராமலட்சுமியின் அண்ணன் பூவுலிங்கம் உடனே ஒரு வழி கொண்டுவந்தார். அவரும் ஆசாரிதான்.

"சாயல்குடி உப்பளத்துல காவலுக்கு ஆள் கேக்குறாக, மாப்ளே. சும்மா நிக்கிற வேலை. ஒரு கம்பு இருந்தாப் போதும்."

"கம்புதான் கால்லயே இருக்கே, மச்சான்" என்றார் கூத்தையா.

உப்பளத்துக்குப் போனால் திரும்பி உளியைத் தொடப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். கையில் ஒரே ஒரு வேலை மிச்சமிருந்தது. கீழக்கரை வாவு முகம்மது, தன் மகள் நஃபீசாவுக்குக் கல்யாணத்தோடு கொடுக்க வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாசல் கதவு கூத்தையாவின் கையால்தான் வேண்டும் என்றிருந்தார். இப்போது காலைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"ரஜபு மாசம், தை பொறந்ததும் நிக்காஹ், ஆசாரி. அதுக்கு முன்ன கதவு நிக்கணும். ஏலாதுன்னா இப்பவே சொல்லிருங்க, நான் கோவிச்சுக்கிற மாட்டேன்."

"ஏலும்" என்றார் கூத்தையா. எப்படி என்று அவருக்கே தெரியாது.

மண்டபம் ஊரில் ரயில்வே தச்சர்கள் நின்றுகொண்டே மேஜையில் மரம் இழைப்பதை ஒருமுறை பார்த்திருந்தார். 'தோசை ஊத்துற மாதிரி நிக்கிறானுக' என்று அன்று கேலி செய்தவர், அதே மேஜையை இப்போது வீட்டுக் கொட்டகையில் செய்யத் தொடங்கினார். வாவு முகம்மது உடைந்துபோன தன் தோணியின் கனத்த பலகைகளைக் கொடுத்தார். கால்களுக்குப் பூவரசு.

ஆனால் நின்று வேலை செய்ய மேஜை வேண்டும். மேஜையைச் செய்ய உட்கார வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க இராமலட்சுமி தரையில் உட்கார்ந்து காலால் மரத்தைப் பிடித்தார். கூத்தையா சுவரில் சாய்ந்து, ஒற்றைக் காலில் குனிந்து இழைத்தார்.

"அசைக்காத புள்ள."

"நான் அசைக்கல. உங்க இழைப்புளிதான் என்னையும் சேத்து இழைக்குது."

தோணிப் பலகைக்குள் ஒளிந்திருந்த ஆணிகள் இழைப்புளித் தகட்டைப் பல் பல்லாக்கின. பக்கத்து வீட்டுச் சோணையம்மாள் மேற்பலகையில் மிளகாய் வற்றலைக் காயப்போட்டுவிட்டுப் போனார். மறுநாள் முழுக்கக் கூத்தையா தும்மினார். போகிற வருகிறவர்கள் எல்லோரும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இது கட்டிலா, கடைப்பலகையா?

ஒருவழியாக மேஜை எழுந்தது. மேற்பலகை சரியாக அவர் மணிக்கட்டு உயரம். ஒரு முனையில் மரத்தை முட்டவைக்கக் கட்டை, மறு முனையில் இறுக்க ஆப்பு. ஒரு சட்டத்தை வைத்து இழைத்துப் பார்த்தார். சுருள் சுருளாகச் சீவல் வந்தது. கால் வலிக்கவில்லை.

அன்று சாயங்காலமே பூவுலிங்கம் முழக்கோலுடன் வந்தார். நீளம், அகலம், உயரம் அளந்தார். பெருக்கினார், எட்டால் வகுத்தார், மிச்சத்தைப் பார்த்தார். தச்சுக் கணக்கில் மிச்சத்துக்கு ஒரு பெயர் உண்டு: சிங்கம், யானை, எருது என்றால் நல்லது, நாய், காகம், கழுதை என்றால் ஆகாது.

"கழுதையில நிக்குது, மாப்ளே."

"கழுதை நிக்கத்தானே செய்யும்? எனக்கும் நிக்கத்தான் வேணும்."

"வெளையாடாதீக. இதுல இழைச்ச கதவு புதுப்பொண்ணு வீட்டு வாசலுக்குப் போகுது. நாளைக்கு ஒண்ணுன்னா ஆரச் சொல்லுவாக?"

பூவுலிங்கத்தைத் திட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் கூத்தையாவும் அந்தக் கணக்கை நம்பியவர்தான். கட்டிலைக் கொஞ்சம் நீட்டித் தரக் கேட்ட நெட்டை மனிதர் ஒருவரை, 'காலை மடக்கிப் படுங்க' என்று திருப்பி அனுப்பியவர். நீளத்தில் கைவைத்தால் ஆப்புக்கு இடம் இருக்காது. கால்களைத்தான் குறைக்கலாம். இராமலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு நிற்க, மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து மேஜையின் நான்கு கால்களிலும் ஐந்து விரற்கடை அறுத்தார்கள். மேஜை சிங்கக் கணக்குக்கு வந்தது.

மறுநாள் கதவுப் பலகையை ஏற்றினார் கூத்தையா. குனிந்தால் முட்டி மடங்கவில்லை. இடுப்பு மட்டும் மடங்கியது. நாலு இழைப்புக்குள் முதுகு பிடித்துக்கொண்டது. போதாததற்கு, ஒவ்வொரு தள்ளுக்கும் மேஜையின் கால்கள் மணலில் புதைந்து இன்னும் தாழ்ந்தன. மத்தியானம் பலகையோடு சரிந்து விழுந்தார். இராமலட்சுமி தூக்கி நிறுத்தினார்.

"சிங்கம் நல்லா இருக்கா?" என்றார்.

கூத்தையா வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். வாவு முகம்மதுவிடம் முடியாது என்று சொல்லிவிடலாமா என்று முதல்முறையாகக் கேட்டார்.

பூவுலிங்கம் மறுபடி வந்தார். அறுத்த கால்களில் துண்டு சேர்த்து ஒட்டுக்கால் போடக்கூடாது என்றார். போட்டால் பழைய கழுதை, அதுவும் நொண்டிக் கழுதை. "உப்பளத்துல இன்னும் ஆள் போடல" என்றும் சொன்னார்.

இராமலட்சுமிக்குப் பொறுமை போய்விட்டது. கொல்லையில் கிடந்த கடற்கற்களை உருட்டிவந்தார். "ஆளுக்கு ஒரு பக்கம் தூக்குங்க" என்று இரண்டு ஆண்களையும் அதட்டி, ஒவ்வொரு காலுக்கடியிலும் ஒரு கல்லைத் தள்ளினார்.

"இப்ப அளங்கண்ணே."

"கல்லையும் சேத்தா..."

"வீட்டை அளக்கையில அடியில இருக்க மண்ணையும் சேத்தா அளக்குறீக? கல்லு தரையோட சேத்தி. மரத்த மட்டும் அளங்க."

பூவுலிங்கம் அளந்தார். சிங்கம்தான். முழக்கோலைக் கல்லில் வைத்தார், எடுத்தார். கல்லுக்கு எதிராக எந்தக் கணக்கும் அவருக்கு நினைவு வரவில்லை. "சாந்து வச்சுப் பூசிறக் கூடாது. பூசினா கல்லும் காலும் ஒண்ணாயிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மேஜை மீண்டும் மணிக்கட்டு உயரத்தில் நின்றது. கல்லில் நின்றதால் மணலில் புதையவும் இல்லை. பூசாத கற்கள் என்பதால் அவ்வப்போது ஒன்று நழுவும்; கூத்தையா இழைப்பை நிறுத்திப் பூவுலிங்கத்தின் பெயரைச் சொல்லித் திட்டுவார்; இராமலட்சுமி வந்து கல்லை உதைத்து உள்ளே தள்ளுவார்.

மார்கழிக் கடைசியில் கதவு கீழக்கரை போனது. சாயல்குடி உப்பளத்துக்குக் காவலுக்கு வேறு ஆளைப் போட்டார்கள்.