கரண்டு வண்டியைத் தொட்டவள்

தாமல் ஏரியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டோரத்தில் பொன்னியின் கடை இருக்கிறது. பலகையில் பஞ்சர் கடை என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் சுற்று வட்டாரத்தில் பேட்டரி ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் வயரிங் கோளாறு என்றால் அவளிடம்தான் வருவார்கள். முப்பத்தைந்து வயது. பேச்சு குறைவு. கணவன் வேல்முருகன் காஞ்சிபுரத்துக்கும் ஐயம்பேட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஏழாவது படிக்கும் ஒரு மகள் உண்டு.

கடை போடுவதற்கு முன் பொன்னி ஒரு கார் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து முடித்த மறு மாதமே கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். அந்தத் தொழிற்சாலையில் ஹைபிரிட் கார்கள் செய்தார்கள். பெட்ரோலிலும் ஓடும், உள்ளே இருக்கிற பேட்டரியிலும் ஓடும். புகை குறையும் என்பதால் வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதனால் ஆர்டர் குவிந்தது. மூன்று ஷிப்ட் ஓடியது. குடும்பத்தோடு போகிற பெரிய கார் ஒன்று. இரண்டே கதவு வைத்து, தரையோடு தரையாக, பாய்வதற்குப் பதுங்கியது போல நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. இரண்டுக்கும் மானியம் இருந்தது.

"இவ்ளோ வேகமா போற வண்டிய வாங்கறவனுக்கு கவருமெண்டு எதுக்குடி காசு குடுக்குது?" என்று கேண்டீனில் ஒருத்தி கேட்டாள்.

"குடுத்துட்டுப் போவட்டும். வண்டி வித்தாதான நமக்கு வேலை" என்றாள் பொன்னி.

அவள் வேலை ஒரு பிளக்கைப் பொருத்துவது. இருக்கைகளுக்குப் பின்னால், பேட்டரியின் மேல், உள்ளங்கை அகலத்தில் ஆரஞ்சு நிறக் கைப்பிடியோடு அது இருக்கும். அதை உருவினால் பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே போகாது. ஒரு ஷிப்டுக்கு நூறு வண்டிக்கு மேல் அவள் கை அந்த ஒரே வேலையைச் செய்தது. குறை கண்டு திருப்பி அனுப்பிய வண்டி என்றால் பிளக்கை உருவ வேண்டும். உருவிய பிறகு ஐந்து நிமிடம் யாரும் எதையும் தொடக்கூடாது. உள்ளே தங்கியிருக்கிற மின்சாரம் வடிய அவ்வளவு நேரம் வேண்டும்.

ஒருநாள் அவசரத்தில் மூன்று நிமிடத்திலேயே கையை உள்ளே விட்டாள். சூப்பர்வைசர் தேவசகாயம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. தன் வலது கையை நீட்டிக் காட்டினார். இரண்டு விரல் மடங்கியபடியே இறுகிப்போயிருந்தன. "எனக்கும் அன்னிக்கு அவசரம்தான்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அரசாங்கம் கொள்கையை மாற்றியது. முழுக்க மின்சாரத்தில் ஓடுகிற வண்டிக்குத்தான் இனி மானியம், ஹைபிரிட்டுக்குக் கிடையாது. ஆறே மாதத்தில் ஆர்டர் படுத்தது. முதலில் ஸ்போர்ட்ஸ் கார் செய்வதை நிறுத்தினார்கள். அடுத்து ஒப்பந்தத் தொழிலாளர் பெயர்ப் பட்டியல் நோட்டீஸ் பலகையில் வந்தது. அதில் பொன்னியின் பெயரும் இருந்தது. அப்போது மகள் கைக்குழந்தை. வீட்டில் இருந்த நகையை வைத்து இந்தக் கடையைப் போட்டார்கள்.

காஞ்சிபுரத்தில் அந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றே ஒன்று இருந்தது. பட்டுக்கடை வேணுகோபாலுடையது. மானியம் இருந்த காலத்தில் வாங்கியவர். ராஜவீதிகளில் மெதுவாகப் போகும்போது அது சத்தமே போடாது. முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்வரை தெரியாது. சரிகை வாங்கவும் நெசவாளர் வீடுகளுக்கும் பிள்ளையார்பாளையம் போக ஸ்கூட்டரைத்தான் எடுப்பார். வேலூரில் படிக்கும் மகள் திரிஷாவை அழைத்துவர மட்டும் காரை எடுப்பார்.

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு, அப்பாவும் மகளும் வேலூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். தாமல் தாண்டியதும் குறுக்கே மாடு வந்து முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. வேணுகோபால் வண்டியை ஒடித்தார். கார் சாலை நடுவிலிருந்த சிமெண்ட் தடுப்பில் மோதித் திரும்பி, லாரியின் பின்சக்கரத்தில் போய்ச் செருகிக்கொண்டது.

பொன்னி வீட்டில் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் கடைக்கு வந்தாள். காற்று நிரப்ப வந்த ஒருவர் சொன்னார். "அங்க ஒரு கரண்டு வண்டி அடிபட்டுக் கெடக்குதும்மா. உள்ள ரெண்டு பேரு உசுரோட இருக்கறாங்க. தொட்டா ஷாக்கடிக்குமாம், ஒருத்தரும் கிட்ட போவல."

அவள் ரப்பர் கையுறையையும் மின்சாரம் பார்க்கிற மீட்டரையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். கடையிலிருந்து அரை கிலோமீட்டர்தான்.

ஐம்பது அறுபது பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். வட்டத்துக்கும் காருக்கும் நடுவில் பத்தடி தார்ச்சாலை காலியாகக் கிடந்தது. ஆம்புலன்ஸ் வந்திருந்தது, ஆனால் அதில் வந்தவர்களும் வட்டத்துக்குள் வரவில்லை. தீயணைப்பு வண்டி அப்போதுதான் வந்து நின்றது. நிலைய அலுவலர் மாணிக்கவேல் இரும்பு வெட்டும் இயந்திரத்தை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவின் அடிப்பக்கம் பிளந்து, அதிலிருந்து ஆரஞ்சு நிற வயர் ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"நீ எங்கம்மா வர? தள்ளிப் போ" என்றார் மாணிக்கவேல்.

"சார், நாங்க செஞ்ச வண்டி சார் இது. எனக்குத் தெரியும்."

அவர் பதில் சொல்லும் முன்பே பொன்னி காலி இடத்தைக் கடந்து போய் காரின் கூரைமேல் கையை வைத்தாள். கூட்டத்தில் யாரோ அலறினார்கள். அவள் கையை எடுக்கவில்லை.

"பாத்துக்கோங்க. மேல தொட்டா ஒண்ணும் ஆவாது. அந்த ஆரஞ்சு வயர வெட்டத்தான் கூடாது. ஆம்புலன்ஸ்காரங்க வாங்கப்பா, வந்து அவரு கழுத்து அசையாம புடிங்க."

அவர்கள் ஓடிவந்தார்கள். வேணுகோபாலின் நெஞ்சை ஸ்டீயரிங் அழுத்திக்கொண்டிருந்தது. அவருக்கு நினைவு இருந்தது. "பாப்பாவப் பாருங்க" என்றார். பக்கத்து இருக்கையில் திரிஷாவின் கால் நசுங்கிய தகரத்துக்குள் சிக்கியிருந்தது. கதவின் அடிச்சட்டத்தை வெட்டாமல் இருவரையுமே எடுக்க முடியாது. அந்தச் சட்டத்துக்குள்தான் ஆரஞ்சு வயர் ஓடியது. மோதினால் மின்சாரம் தானாக நின்றுவிடும்படி ஏற்பாடு இருந்தது. ஆனால் அது வேலை செய்ததா இல்லையா என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

பொன்னி உடைந்த பின்கண்ணாடி வழியாகப் பாதி உடம்பை உள்ளே நுழைத்தாள். இருக்கைக்குப் பின்னால் இருந்த விரிப்பைக் கிழித்தாள். கைப்பிடி அகப்பட்டது. மடக்கி, இழுத்து, உருவினாள். கண்ணாடிச் சில்லு கிழித்து முழங்கையிலிருந்து ரத்தம் ஒழுகியது.

"இப்ப வெட்டலாமா?" என்றார் மாணிக்கவேல்.

"அஞ்சு நிமிசம் பொறுக்கணும் சார்."

"இன்னாம்மா சொல்ற? ஆளு போயிடுவாரு."

"உள்ள கரண்டு நிக்கும் சார். இப்ப வெட்டினா உங்க ஆளும் போயிடுவாரு."

கூட்டம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. இருபது நிமிடமாகக் கிட்டே வராதவர்கள் இப்போது சத்தம் போட்டார்கள். "உசுரு போயிக்கினு இருக்குது, இந்தப் பொம்பள மணி பாத்துக்கினு நிக்குது பாரு!" ஒருவர் தன் போனில் அதைப் படம் பிடித்தார்.

பொன்னி வேணுகோபாலின் பக்கம் போய் நின்றாள். அவர் மறுபடியும் "பாப்பா" என்றார். "நல்லா இருக்குதுங்க. கண்ணத் தொறந்துக்கினுதான் இருக்குது" என்றாள். மூன்றாவது நிமிடத்தில் அவர் மூச்சு இழுத்தது. மாணிக்கவேல் பொன்னியின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அந்த இரண்டு நிமிடம் எப்படிப் போனது என்று இன்றைக்கும் அவளால் சொல்ல முடிவதில்லை. ஐந்து முடிந்ததும் மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

"வெட்டுங்க சார்."

பத்து நிமிடத்தில் இருவரையும் வெளியே எடுத்தார்கள். திரிஷா பிழைத்தாள். வேணுகோபாலின் உயிர், ஆம்புலன்ஸ் காஞ்சிபுரத்துக்குள் நுழைவதற்கு முன்பே பிரிந்தது.

போனில் எடுத்த படம் அன்று மாலையே ஊரெல்லாம் சுற்றியது. அதில் அவள் காரைத் தொட்டது இல்லை, பிளக்கை உருவியது இல்லை. வெட்ட வந்தவர்களைத் தடுத்தது மட்டும்தான் இருந்தது. அந்தப் பொம்பளையால்தான் மனுஷன் செத்தான் என்று பேசினார்கள். ஷேர் ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்தவர்கள், ஓட்டுகிறவன் யாரென்று தெரியாமல், அதையே பேசிக்கொண்டு வந்தார்கள். வேல்முருகன் ஒருநாள் பாதி வழியில் வண்டியை நிறுத்தி, "அது எம் பொண்டாட்டி. அவ கைய வெக்கறதுக்கு முன்னாடி நீங்கல்லாம் எங்க இருந்தீங்க?" என்று கேட்டான். 

பொன்னி இரண்டு வாரம் கடை திறக்கவில்லை. சாவுக்கும் போகவில்லை. போகிற தைரியம் இல்லை.

கடை திறந்த மூன்றாம் நாள் வேணுகோபாலின் மனைவி மங்கையர்க்கரசி வந்தார். கூட யாரும் இல்லை. தாமல் நிறுத்தத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வந்திருந்தார். பொன்னி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"அவரு கடைசியா எதுனா பேசினாராம்மா?"

"பாப்பாவப் பாருன்னாரும்மா. அத விட்டா வேற எதுவும் கேக்கல."

மங்கையர்க்கரசி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பொன்னியே சொன்னாள். "அஞ்சு நிமிசம் நிறுத்தினது நாந்தாம்மா. ஜனங்க சொல்றது பொய்யில்ல."

"தெரியும். டாக்டர்கிட்ட கேட்டேன். முன்னாடியே எடுத்திருந்தா பொழைச்சிருப்பாரான்னு. சொல்ல முடியாதுன்னுட்டாரு." சாலையில் போகும் லாரிகளைப் பார்த்தபடி அவர் தொடர்ந்தார். "அந்தக் கூட்டத்துல எங்க கடைக்கு நெய்யறவரு ஒருத்தரு இருந்திருக்காரு. இருபது வருசமா எங்க வீட்டுக்கு வந்து போறவரு. காரியத்தன்னிக்கு வந்து கால்ல வுழுந்து அழுதாரு. தொட்டா செத்துடுவோம்னு சொன்னாங்கம்மா, பயந்துக்கினு நின்னுட்டேன்னாரு. அவர நான் என்னன்னு கேக்கறது?"

பொன்னி கொடுத்த தண்ணீரை வாங்கிக்கொண்டு மங்கையர்க்கரசி சொன்னார்.

"மானியம் கெடச்சதுன்னுதான் அவரு அந்த வண்டியவே வாங்கினாரு. இல்லன்னா வாங்கியிருக்க மாட்டாரு. வாங்கறதுக்குக் குடுத்தாங்க. அடிபட்டுக் கெடந்தா எப்பிடிக் கிட்ட போவணும்னு ஊர்ல ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்கலயே."

அவர் எழுந்து போனார். உன்மேல் கோபம் இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

மறுநாள் பொன்னி தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள். மாணிக்கவேல் அவளை உட்காரச் சொன்னார். "நானே வந்து பாக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு நீ வரலன்னா நான் நேரா வெட்டியிருப்பேன். எந்தப் பையன் கையில மிஷினக் குடுத்திருப்பேனோ, அவன இப்ப பாத்தாலும் எனக்கு ஒரு மாதிரியா இருக்குது" என்றார். தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன் என்றாள் பொன்னி. அவர் மேலிடத்துக்கு எழுதினார். பயிற்சி தருவதற்கு இவருக்கு என்ன சான்றிதழ் இருக்கிறது என்று பதில் வந்தது. தொழிற்சாலை கொடுத்த அனுபவக் கடிதம் ஒன்றுதான் அவளிடம் இருந்தது. அது போதாது என்றார்கள். மாணிக்கவேல் அந்தக் கடிதத்தை ஃபைலில் வைத்துவிட்டு, "சனிக்கிழம வாம்மா. பயிற்சின்னு எழுத வேணாம். ஆளுங்கள பாக்க வந்தேன்னு இருக்கட்டும்" என்றார்.

ஆறேழு மாதமாக அது நடந்துவருகிறது. முதலில் தீயணைப்புக்காரர்கள் எட்டுப் பேர். பிறகு ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். வேல்முருகன் தன் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோக்காரர்களைக் கூட்டிவந்தான். விபத்து நடந்தால் முதலில் வந்து சேர்கிறவர்கள் அவர்கள்தானே. காகிதத்தில் படம் வரைந்துதான் பொன்னி ஆரம்பித்தாள். படம் போதவில்லை. இதைக் கேள்விப்பட்ட மங்கையர்க்கரசி, விசாரணை முடிந்து போலீஸ் விடுவித்த காரைப் பழைய இரும்புக்கு விற்காமல் நிலையத்தின் பின்பக்கம் கொண்டுவந்து போடச் சொல்லிவிட்டார்.

அந்தக் காரை மறுபடியும் பார்த்த அன்று பொன்னியால் கிட்டே போக முடியவில்லை. இருக்கையில் கறை அப்படியே இருந்தது. வேல்முருகன்தான் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து கழுவினான்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை திரிஷா வந்தாள். இடது காலை ஊன்ற ஒரு கோல் வைத்திருந்தாள். சுவரில் சாய்ந்து நின்று பொன்னி சொன்னதை முழுவதும் கேட்டாள். முடிந்ததும், "அந்த பிளக் நீங்க போட்டதாக்கா?" என்றாள்.

"தெரியலமா. மூணு ஷிப்ட்டு ஓடிச்சு. நானாவும் இருக்கலாம், வேற யாராவும் இருக்கலாம்."

திரிஷா தலையசைத்தாள். பிறகு அங்கே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். "நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுமா" என்றார் மாணிக்கவேல்.

"எனக்கு மயக்கமே வரல சார். கண்ணாடிக்கு அந்தாண்ட எல்லார் மூஞ்சியும் தெரிஞ்சிக்கினு இருந்துச்சு. அப்பாவும் பாத்துக்கினு இருந்தாரு. யாருமே வர மாட்டேங்கறாங்களேன்னு என்கிட்ட கேட்டாரு. எனக்கு பதில் சொல்லத் தெரியல." அவள் கோலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "அவர வெளிய எடுக்க முடியலன்னாலும் பரவால்ல சார். கைய உள்ள வுட்டு அவரு கையப் புடிச்சிக்கினாவது இருந்திருக்கலாம். அது தப்பில்லன்னு யாருக்கும் தெரியல. இவங்ககிட்ட அத மொதல்ல சொல்லுங்க. வயர் கதையெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம்."

ஆட்டோக்காரர் ஒருவர் எழுந்து, திரிஷாவுக்கு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து பொன்னி வகுப்பை அப்படித்தான் தொடங்குகிறாள். வந்தவர்களை ஒவ்வொருவராகக் காரின் அருகே கூப்பிட்டு, உடைந்த ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விடச் சொல்கிறாள்.