எப்போதும் தம்பிதான் பூதம்

மூன்று வருடங்களுக்கு முன், இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்த கதை இது. நான் ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். அப்போது எனக்கு வயது நாற்பத்துநான்கு. தலையில் ஊதாநிற முடியும் முதுகில் அட்டை வாளுமாகத் திரிந்த இளசுகளுக்கு நடுவில், குளிர் கோட்டும் கைப்பையுமாக நான் ஒருத்தி வரிசையில் நின்றேன். ஜப்பானியச் சித்திரக் கதைகளிலும் தொடர்களிலும் பைத்தியமாக இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடும் இடம் அது. எனக்கு அங்கே ஒரேயொரு வேலைதான். வயதான ஒரு நடிகரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதைப் பான் நகரில் இருக்கும் என் தம்பிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். தம்பியும் நானும் பேசி அப்போது ஆறு வருடமாகியிருந்தது.

கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஆறு. பாரிசில் இருந்த மாமா ஒருமுறை எங்களைப் பார்க்க வந்தபோது ஒரு பை நிறைய வீடியோ கசட் கொண்டுவந்தார். பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் போன ஜப்பானிய வீரர் தொடர் ஒன்றை எங்களுக்காகவே பதிந்திருந்தார். அதில் தலைவரோடு ஐந்து பேர். பார்த்தால் சாதாரண ஆட்கள். ஆபத்து என்றால் கையை ஒரு சுழற்றுச் சுழற்றுவார்கள், தலைக்கவசமும் இறுக்கமான உடுப்புமாக மாறிவிடுவார்கள். வாரம் ஒரு பூதம் வரும், அடிவாங்கும், வெடிக்கும். அவ்வளவுதான் கதை.

பிரெஞ்சில் எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. போதாக்குறைக்கு, பிரான்சின் ஒளிபரப்பு முறை வேறு என்பதால், அங்கே பதிந்த கசட் எங்கள் வீட்டு ஜெர்மன் பெட்டியில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடியது. பேச்சும் இல்லை, நிறமும் இல்லை. அதனால் என்ன? பேச்சைத் தம்பி தமிழில் போட்டான். நிறத்தை நான் முடிவு செய்தேன். தலைவருக்கு நீலம் என்று நான் சொன்னால் நீலம்தான், அதற்கு மேல் பேச்சில்லை.

கசட் முடிந்ததும் விளையாட்டு தொடங்கும். நான் தலைவர், தம்பி பூதம். ஒருநாளும் இது மாறியதில்லை. அப்பாவின் குளிர் ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டு, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு உறுமிக்கொண்டே வருவான். என் கைமுட்டி அவன்மேல் படவே படாது, ஒரு சாண் தள்ளியே நின்றுவிடும். ஆனாலும் அவன் இடி விழுந்தமாதிரிப் பறந்துபோய் மெத்தையில் விழுவான். கால் இழுத்து, கை துடித்து, வாயால் வெடித்து, ஐந்து நிமிடம் சாவான். "கீழ்வீட்டுச் சனம் பொலிசைக் கூப்பிடப் போகுது, நிப்பாட்டுங்கோ!" என்று அம்மா குசினியிலிருந்து கத்துவார். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெற்றி வெற்றி என்று அறையைச் சுற்றி ஓடுவேன்.

அப்படி இருந்த தம்பி ஒரு ஜெர்மன் பெண்ணை விரும்பினான். அப்பா ஒற்றைக்காலில் நின்று மறுத்தார். நான் அப்பா பக்கம் நின்றேன். திருமணத்துக்குத் தம்பி தானே போன் எடுத்துக் கூப்பிட்டான். "எனக்கு அண்டைக்கு டீன்ஸ்ட் இருக்கு, மாத்த ஏலாது" என்றேன். டீன்ஸ்ட் என்றால் எங்கள் பேச்சில் வேலை முறை. உண்மையில் அன்று எனக்கு வேலையே இல்லை. வீட்டில் இருந்து உடுப்பு மடித்தேன். வேலை இருந்திருந்தாலும் நான் மாற்றக் கேட்டிருக்கவே மாட்டேன் என்று அவனுக்கும் தெரியும். அதன்பிறகு அவன் எனக்குப் போன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஒரே வருடத்தில் அப்பா மனம் இளகிவிட்டார். பானுக்குப் போய் மருமகளின் கையால் கேக் சாப்பிட்டுவிட்டு வந்து, "நல்ல பிள்ளை" என்று எனக்கே சொன்னார். யாருக்காக வீம்பு பிடித்தேனோ அவர் இறங்கிவிட்டார், எனக்குத்தான் இறங்கத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதென்றால் எனக்கு வாயில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இந்த நிலையில்தான் ஒருநாள் ஹம் ஸ்டேஷனில் அந்தச் சுவரொட்டியைக் கண்டேன். அந்தத் தொடரின் நடிகர்கள் டோர்ட்மண்டுக்கு வருகிறார்களாம். முகம் முழுக்கச் சுருக்கம், ஆனால் சிரிப்பு அதே சிரிப்பு. எங்கள் தலைவர்! ரயிலை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். உடனே என் மூளை கணக்குப் போட்டது: கையெழுத்து வாங்கி அனுப்பினால் போதும், தம்பி புரிந்துகொள்வான், நான் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை.

மண்டபத்தில் மூன்று மேசைகள் போட்டிருந்தார்கள். தலைவராக நடித்தவருக்கு வளைந்து வளைந்து போகும் வரிசை. வீராங்கனையாக நடித்த பெண்மணிக்கும் நல்ல கூட்டம். கடைசி மேசையில் ஒரு வயதானவர் தனியே இருந்தார். அவரிடம் ஒருவரும் போகவில்லை. மேசையில் ஏதோ படங்கள் கிடந்தன, நான் கவனிக்கவில்லை. நான் கவனித்ததெல்லாம் அவர் எழும்பி மறுபடி உட்கார்ந்த விதத்தைத்தான். இரண்டு முழங்காலும் பழுது, இடுப்பும் சரியில்லை. இருபது வருடமாக இதைத்தானே பார்க்கிறேன். யாரோ நடிகரின் உறவுக்காரர், களைத்துப்போய்க் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். பின்னால் நின்ற பிள்ளையிடம் என் இடத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கி, திறந்தே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதியோர் இல்லத்தில் பேசுகிறமாதிரியே, குனிந்து, சத்தமாக, ஆறுதலாக, "களைப்பாக இருக்கிறதா?" என்று ஜெர்மனில் கேட்டேன். அவர் சிரமப்பட்டு எழும்பி, இரண்டு கையாலும் வாங்கி, தலைகுனிந்து வணங்கினார். பாவம், மரியாதையான மனிதர் என்று நினைத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினேன்.

என் முறை வர ஒரு மணி நேரம் ஆனது. தலைவரின் மேசையில் பெரிய வண்ணப்படங்கள். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடுப்பு சிவப்பு! பளீரென்ற மிளகாய்ச் சிவப்பு. "இவர் நீலம் அல்லவா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்தில் ஜெர்மன் பேசும் ஜப்பானியப் பெண் ஒருத்தி மொழிபெயர்ப்புக்கு இருந்தாள். கறுப்பு வெள்ளைக் கசட் கதையை அவளிடம் சொல்ல, அவள் அவரிடம் சொல்ல, அவர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். இத்தனை வருடத்தில் தனக்கு நிறம் மாற்றிய முதல் ஆள் நான்தானாம்.

கையெழுத்து யாருக்கு என்று கேட்டார். தம்பிக்கு என்றேன். தம்பிக்கு எந்த வீரரைப் பிடிக்கும் என்று கேட்டார். "அவன் வீரன் இல்லை. அவன் எப்போதும் பூதம்" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். எழும்பி நின்று கடைசி மேசையைக் கையால் காட்டினார். அந்தப் பெண் சொன்னாள்: "அப்படியென்றால் நீங்கள் அவரிடம்தான் போக வேண்டும். அந்தத் தொடரில் வந்த பூதங்கள் அத்தனைக்குள்ளும் இருந்தவர் அவர்தான்."

ஐயோ! முகத்தில் அசடு வழிய நின்றேன். உண்மையைச் சொன்னால், பூதத்துக்குள் ஒரு ஆள் இருந்திருப்பார் என்று நான் ஒருநாளும் யோசித்ததே இல்லை. அவளையும் கூட்டிக்கொண்டு கடைசி மேசைக்குப் போனேன். அதில் கிடந்தவை எல்லாம் பூதங்களின் படங்கள். கொம்பு வைத்தது, நண்டுக்கை வைத்தது, வயிற்றில் வாய் உள்ளது. ஒன்றிலாவது மனித முகம் இல்லை. பிறகு எப்படி அவரிடம் வரிசை நிற்கும்? நான் மன்னிப்புக் கேட்கப் போக, அவர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் காட்டி மறுபடியும் வணங்கினார்.

தம்பியைப் பற்றி மொழிபெயர்ப்புப் பெண் சொன்னதும் அவருடைய கண் மாறிவிட்டது. "எப்படி விழுவார்?" என்று கேட்டார். தொழில்காரர் தொழில்காரரை விசாரிக்கிறமாதிரி. ஜாக்கெட், மெத்தை, ஐந்து நிமிடச் சாவு என்று எல்லாம் சொன்னேன். என் கை படாமலே பறப்பான் என்றேன். அவருக்கு வலு சந்தோசம். அடிக்கிறவரின் பலத்தைக் காட்டுவது விழுகிறவர்தான், உங்கள் தம்பிக்கு அது சின்ன வயதிலேயே தெரிந்திருக்கிறது என்றார்.

பிறகு ஒன்று கேட்டார். "அடித்தபிறகு அவரை யார் தூக்கிவிடுவது?"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அந்தப் பூத உடுப்புப் போட்டால் கண் தெரியாது, பாரத்தில் தானாக எழும்பவும் முடியாது. காட்சி எடுத்து முடிந்ததும், அடித்தவர்தான் வந்து கைகொடுத்துத் தூக்க வேண்டும். உதவியாளர்கள் நின்றாலும் தொடமாட்டார்கள். அதுதான் அவர்களுடைய வழக்கமாம். முதல் மேசையில் இருப்பவரைக் காட்டி, "இவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை" என்றார்.

நான் தூக்கிவிட்டதே இல்லை. ஒருநாளும் இல்லை. நான் வெற்றி வெற்றி என்று ஓடிக்கொண்டிருந்தேன். தம்பி தானாக எழும்பி, ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டி, மெத்தையைக் கட்டிலில் இழுத்துப் போட்டுவிட்டு வருவான். அவசரமாக ஒரு படத்தை எடுத்து, தம்பிக்குக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், தபாலில் அனுப்பப் போகிறேன் என்றேன்.

அவர் போடவில்லை. தலையை ஆட்டிவிட்டார். கோபமாக அல்ல, சிரித்துக்கொண்டேதான். நாளைக்கும் தான் இங்கேதான் இருப்பாராம், தம்பியைக் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம், தம்பியின் கையில்தான் கொடுப்பாராம்.

போச்சுடா என்று நினைத்தேன். நான் ஒளிந்துகொள்ள வைத்திருந்த ஒரே மறைப்பும் போய்விட்டது. மண்டபத்துக்கு வெளியே வந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். எண் மாறியிருக்கக் கூடாதா என்றுகூட ஆசைப்பட்டேன். மாறவில்லை.

"அக்கா? அப்பாவுக்கு ஏதுமோ?" தம்பி பதறிப்போய்க் கேட்டான். ஆறு வருடம் கழித்து நான் எடுத்தால், செத்தவீடாகத்தான் இருக்கும் என்று நினைக்கும் நிலைக்கு அவனைக் கொண்டுவந்திருக்கிறேன்.

"அப்பா நல்லா இருக்கிறார். நான்தான் பிழை விட்டனான். மன்னிச்சுக்கொள்ளடா" என்றேன். அவன் ஏதும் சொல்லுமுன் நான் படபடவென்று மண்டபம், தலைவர் சிவப்பு, கடைசி மேசை, நாளைக்கு வரவேண்டும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

நான் முடித்ததும் கேட்டான்: "நாளைக்கு உனக்கு டீன்ஸ்ட் இல்லையோ?"

கத்தி வைத்தமாதிரி இருந்தது. உண்மையிலேயே இந்தமுறை டீன்ஸ்ட் இருந்தது. ஞாயிறு காலை வேலை. "இருக்கு. மாத்துறன்" என்றேன்.

கூட வேலை செய்யும் அக்கா ஒருவருக்குப் போன் எடுத்தேன். "ஓம், அதுக்கென்ன, நான் போறன்" என்றார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் தம்பி வந்தான். நெற்றி ஏறியிருந்தது, வயிறு போட்டிருந்தது. மனைவியும் வந்திருந்தாள். அவளிடம் சொல்ல ரயிலில் நான் ஜெர்மனில் பாடமாக்கி வைத்திருந்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. அவளே என்னைக் கட்டிப்பிடித்தாள். தம்பி என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. "எங்க அவர்?" என்று மட்டும் கேட்டான்.

பூதக்காரர் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல், என் கையை மடக்கி முட்டியாக்கிவிட்டு, தம்பியைப் பார்த்துத் தரையைக் காட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சுற்றிவரச் சனம். தம்பி யோசிக்கவே இல்லை. ஜாக்கெட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தான். நான் ஒப்புக்குக் கையை வீசினேன். அவன் உறுமிக்கொண்டு பின்னால் போய் தொப்பென்று மண்டபத் தரையில் விழுந்து, கால் இழுத்து, கை துடித்து, வாயால் வெடித்துச் செத்தான். சனம் கைதட்டியது. பூதக்காரர் பழுதான முழங்காலில் நின்றுகொண்டு, எல்லாரிலும் பலமாகக் கைதட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் போய்க் குனிந்து கையை நீட்டினேன். தம்பி கையைப் பிடித்தான், ஆனால் எழும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னான்:

"ஆறு வருசமாக் கிடக்கிறன். இப்பதான் வாறாய் என்ன?"

அத்தனை பேருக்கும் முன்னால் அழுதேன். அழுதழுதே தூக்கினேன், சரியான பாரம். எழும்பி நின்றபிறகும் அவன் என் கையை விடவில்லை.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போய் வருகிறேன். அன்று அந்தக் கிழவர் நான் கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுத் தந்திருந்தால், அதைத் தபாலில் போட்டுவிட்டு என் கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்திருப்பேன்.