டூபா பன் லூர்துமேரி

லூர்துமேரி பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். ஒழுங்கானவள். செகந்திராபாத்தில் நான் நர்ஸாக இருந்த மிஷன் ஆஸ்பத்திரியின் அடுக்களையில் சமைத்தாள். இந்தக் கட்டிலுக்கு உப்பு கூடாது என்றால் அந்தத் தட்டில் உப்பு இருக்காது. கொஞ்சம் போட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைக்கிற சமையற்காரிகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அறுபதுகளில் மெக்ஸிகோவிலிருந்து சிஸ்டர் சொலெதாத் எங்களிடம் வந்தார். குவாதலஹாரா என்ற ஊர்க்காரர். நம் சோறு, ரசம் எல்லாம் பழகிக்கொண்டார். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை அவருக்குத் தோர்த்தா வேண்டும். ரொட்டியைப் பிளந்து உள்ளே எதையாவது அடைத்து அவர்கள் ஊர்த் தெருவில் விற்பதுதான் தோர்த்தா. அதிலும் ஊருக்கு ஒரு விதம். சிஸ்டரின் ஊரில் தோல் கெட்டியான ரொட்டிக்குள் பயறு மசியலும் பன்றி வறுவலும் வைத்து, மிளகாய்க் குழம்பில் முக்கிக் கொடுப்பார்கள். புயெப்லா என்ற ஊரில் எள் தூவிய ரொட்டி, உள்ளே பாலாடைக்கட்டியும் வாசனைக் கீரையும். தலைநகரில் ரொட்டியையே மிளகாய்ச் சாந்தில் தோய்த்து, உருளைக்கிழங்கு வைத்துக் கல்லில் வாட்டுவார்களாம்.

"இதுல எது சிஸ்டர் சரியானது?" என்று லூர்துமேரி கேட்டாள்.

"எங்கள் ஊருடையதுதான். மற்றதெல்லாம் பசிக்குச் சாப்பிடுவது."

"எங்க திருச்சி அத்தையும் மீன் குழம்பைப் பத்தி இதையேதான் சொல்லும்."

சிஸ்டர் சொல்லச் சொல்ல இவள் செய்தாள். அந்த ஊர்ப் பயறுக்குப் பதில் காராமணி. ரொட்டிக்காக இரானி பேக்கரிக்காரரிடம் போய், பன்னை அடுப்பில் இன்னும் கொஞ்ச நேரம் விட்டுத் தோலைக் கெட்டியாக்கித் தரச் சொன்னாள். குழம்பில் முக்கினால் கரையக் கூடாது, அதுதான் அதன் லட்சணம். மசித்த பயறைப் பன்றிக் கொழுப்பில்தான் வதக்க வேண்டும் என்பது சிஸ்டரின் சட்டம். ஆஸ்பத்திரியில் அப்படியே வதக்கினாள்.

சிஸ்டர் ஊர் திரும்பினார். ஆஸ்பத்திரி அடுக்களையைக் கான்ட்ராக்டுக்கு விட்டார்கள். லூர்துமேரிக்கு வேலை போயிற்று. புருஷன் தேவசகாயம் முன்பே காசநோயில் போய்விட்டார். அவர் சனத்நகரில் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தவர். அந்தத் தொழிற்சாலையின் கேட்டுக்கு எதிரிலேயே இவள் ஒரு தள்ளுவண்டி போட்டாள்.

வண்டிக்கு வருகிறவர்கள் எல்லா மதத்துக்காரர்களும். அதனால் வாரநாளில் இறைச்சியே கிடையாது என்று முடிவு செய்தாள். காராமணி, முட்டை. முட்டையும் வேண்டாம் என்பவர்களுக்குத் தலைநகரத்து விதத்தில் உருளைக்கிழங்கு. வதக்குவதெல்லாம் கடலை எண்ணெயில். பன்றி வறுவல் ஞாயிற்றுக்கிழமை மட்டும், வீட்டில், கோயில் முடிந்து வருகிற நம்மவர்களுக்கு. அதற்குத் தனி இரும்புச் சட்டி, தனிக் கரண்டி, கொல்லையில் தனி அடுப்பு. ஞாயிற்றுக்கிழமைச் சட்டி வாசற்படி தாண்டாது.

தொழிற்சாலையில் அதற்கு டூபா பன் என்று பேர் வைத்தார்கள். மூழ்கின பன். ஃபிட்டர் கவுஸ் மியான் குழம்பு இன்னும் ஊற்றச் சொல்லி வாங்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டே தின்பார். கணக்குப் பிரிவு சாரங்கபாணி உருளைக்கிழங்கு பன்னைக் காகிதத்தில் சுற்றி வாங்கிப் போவார். வீட்டுக்குத் தெரியாது.

வண்டியில் தட்டும் சட்டியும் கழுவியது லோயிஸ். கொழுந்தன் ஸ்டான்லியின் மனைவி, அதாவது லூர்துமேரிக்கு ஓரகத்தி. இரண்டு பேரும் ஒரே வீட்டில் முன்பாகமும் பின்பாகமுமாக இருந்தார்கள். லோயிஸின் இரண்டு பிரசவத்தையும் லூர்துமேரிதான் பார்த்துக்கொண்டாள். எண்ணெய் வாங்கி வருவதும் லோயிஸ்தான். டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள்.

எழுபத்தாறில் தொழிற்சாலையின் கேன்டீன் கமிட்டி, தனி ஆள் ஒருவருக்கு உள்ளே ஒரு கவுண்டர் கொடுப்பதென்று தீர்மானித்தது. கூரை, குழாய்த் தண்ணீர், போலீஸ்காரன் வந்து வண்டியைத் தள்ளு என்று அதட்டாத இடம். கமிட்டியில் கவுஸ் மியானும் சாரங்கபாணியும் இருந்தார்கள். லூர்துமேரிக்குத்தான் என்று பேச்சு. அவள் புது ஏப்ரன் தைத்துக்கொண்டாள்.

ஸ்டான்லி அந்தக் கேன்டீனில் பரிமாறுகிறவன். அவனுக்கு அந்த இடத்தில் டீயும் மிரப்பகாய் என்கிற மிளகாய் பஜ்ஜியும் போட ஆசை. அண்ணியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மேஜைக்கு மேஜை தட்டு வைக்கும்போதே ஒரு சொல் சொல்லிக்கொண்டு போனான். அந்தப் பன் பன்றிக் கொழுப்பில் செய்வது, வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிறகு நடந்ததை லூர்துமேரியும் சொன்னாள், சாரங்கபாணியும் தனியாக என்னிடம் சொன்னார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

மத்தியான மணி அடித்ததும் கவுஸ் மியான் வண்டிக்கு வந்தார். பின்னால் ஒரு கூட்டம். ஸ்டான்லியும் அதில் நின்றான்.

"அம்மா, ஒரு வார்த்தை கேக்கணும். இது பன்னிக் கொழுப்புல செய்யறதுன்னு சொல்றாங்க. ஜூட்டா, நிஜமா?"

"யாரு சொன்னா?"

"அது நக்கோ, வேணாம். நீங்க சொல்லுங்க."

வேறொருத்தி என்றால் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பாள். இவள் கேட்டதற்கெல்லாம் முழுசாகப் பதில் சொல்கிற ஜாதி.

"ஹவ். சிஸ்டர் ஊர்ல கொழுப்புலதான் பண்ணுவாங்க. ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் பண்ணினேன். இங்க அது கிடையாது. இங்க கடலெண்ணெய்தான்."

ஹவ் என்றால் ஆமாம். அந்த முதல் வார்த்தையிலேயே பாதிப் பேர் தட்டை வைத்துவிட்டார்கள். ஒருவன் சாக்கடைப் பக்கம் போய்த் துப்பினான்.

"பாத்தீங்களா, அண்ணியே ஒத்துக்கிட்டாங்க" என்றான் ஸ்டான்லி.

"நீயாடா?" என்றாள் லூர்துமேரி. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பிறகு கவுஸ் மியானைப் பார்த்துச் சொன்னாள்: "என் பேச்சு வேணாம் பாய். எண்ணெ வாங்கறது லோயிஸ். சட்டி கழுவறதும் அவதான். கொழுப்புச் சட்டி எப்படி வழுக்கும்னு கழுவறவளுக்குத் தெரியும். அவளக் கேளுங்க. சொல்லு லோயிஸ்."

லோயிஸ் வாளிக்கு முன்னால் குந்தியிருந்தாள். கையில் சாம்பல். புருஷனைப் பார்த்தாள். அவன் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"நான் கழுவறது மட்டும்தான் அக்கா. என்ன ஊத்தறீங்கன்னு நான் பாத்ததில்ல."

"டின்னைத் தூக்கிட்டு வந்தியே?"

"பாத்ததில்லக்கா."

கூட்டம் கலைந்தது. கவுஸ் மியான் மட்டும் நின்றார். "நீங்க ஜூட் பேசல, எனக்குத் தெரியும். ஆனா எல்லார் முன்னாடியும் இனி என்னால திங்க முடியாதும்மா" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சாரங்கபாணி கேட்டுக்குள்ளேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார், வண்டிப் பக்கம் வரவில்லை. வந்தால் முன்பு தின்றது தெரிந்துபோகும்.

கவுண்டர் ஸ்டான்லிக்குக் கிடைத்தது. நன்றாகவே நடத்தினான், பஜ்ஜி மோசமில்லை என்று கேள்வி.

அன்று சாயங்காலம் லோயிஸ் எப்போதும் போலக் கொல்லைக் குழாயடிக்கு வந்து சட்டியை இழுத்தாள். லூர்துமேரி அவள் கையிலிருந்து சட்டியை வாங்கிக்கொண்டாள்.

"நக்கோ. நானே கழுவிக்கறேன்."

"அவரு பக்கத்துல நிக்கறாருக்கா, நான் என்ன பண்ணட்டும்?"

"நீ ஒண்ணும் பண்ணல. உள்ள போ, புள்ள அழுவுது."

அவ்வளவுதான் பேச்சு. மாதம் முடிவதற்குள் லூர்துமேரி வேறு வீடு பார்த்து செகந்திராபாத் வந்தாள். ஸ்டேஷன் பக்கம் மறுபடியும் வண்டி போட்டாள். இந்த முறை சிஸ்டர் ஊர்ப் பக்குவத்திலேயே, பன்றி வறுவல் வைத்து, கொழுப்பில் வதக்கி. அதை மூன்று மொழியில் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி வைத்தாள். வேண்டியவர்கள் வந்தார்கள். உதவிக்கு ஆள் வைத்துக்கொள் என்று நான் சொன்னபோதெல்லாம் வேறு பேச்சுக்குப் போனாள்.

எண்பத்தெட்டில் அவளுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. நான் ரிடையர் ஆகியிருந்தேன். அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்து வைத்துக்கொண்டேன். மலமும் மூத்திரமும் நான்தான் எடுத்தேன், அதற்கு அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் கஞ்சி குடித்த கிண்ணத்தை நான் எடுக்க வந்தால் இடக்கையால் இறுகப் பிடித்துக்கொள்வாள். ஒரு வாளித் தண்ணீரைக் கட்டில் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பேன். ஒற்றைக் கையால் அவளே அதைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் படுப்பாள். கடைசி வாரம் வரையில் அப்படித்தான்.