டாக்ரூஸின்ரை பொட்டு

தர்மலிங்கத்தை ஒஸ்லோச் சனம் மாட்டுக்காரர் எண்டுதான் சொல்லும். எண்பத்தேழிலை அகதியா வந்து, நோர்வேயின்ரை வடக்கிலை மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவிலை பஸ் கழுவி, ஒண்டிலையும் நிலைக்காத மனுசன். நகரத்துக்கு வெளியிலை ஊலாவ் எண்ட கிழவன் இடுப்பு முறிஞ்சு படுக்க, ஒரு மாதம் பால் கறந்து குடுக்கப் போனார். அந்த ஒரு மாதம் இருபத்தாறு வருசமாப் போச்சு. கிழவன் செத்தான். அவன்ரை பிள்ளையள் சாணி மணக்க வரமாட்டம் எண்டிட்டுதுகள். பண்ணை இவரின்ரை தலையிலை. பெண்சாதி விமலாதேவி ஒஸ்லோவிலை குரோருட் வீட்டை விட்டு வரமாட்டன் எண்டு நிண்டு, கடைசியிலை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவ.

கொட்டிலிலை பதினாறு மாடு கட்டலாம். பதினேழாவதுக்கு இடமில்லை. முழுத் துன்பமும் அதுதான்.

டாக்ரூஸ் எண்ட சிவப்பிக்கு மூண்டு தரம் ஊசி போட்டும் சினை தங்கேல்லை. பாலும் வத்திப்போச்சு. நாகு ஒண்டு முதற்கண்டு போடப்போகுது, அதைக் கட்ட இடம் வேணும். கறக்காத மாடு எங்கை போகுமெண்டு இந்தச் சைவக்காரனுக்குத் தெரியும், வாயாலை சொல்லமாட்டார். மாடேத்த வந்த லொறியை ரெண்டு தரம் பிறகு வரச் சொல்லிப்போட்டார். மூண்டாந்தரம், திங்கக்கிழமை கட்டாயம் எண்டிட்டாங்கள்.

பட்டிப் பொங்கல் வேலைநாளிலை வந்ததாலை, சனம் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு இழுத்துப்போட்டுது. பண்ணையிலை பத்துக் கார் வந்து நிண்டுது. மற்ற மாடெல்லாம் உதைக்கும். டாக்ரூஸ் உதைக்காது. அதனாலை மாலையும் அதுக்கு, வாழைப்பழமும் அதுக்கு. ஆள்மாறி ஆள் பொட்டு வைச்சு நெத்தி முழுக்கக் குங்குமம். தமிழ்நாட்டுக்காரி சகுந்தலா மகளுக்கு நல்ல வரன் கேட்டு மூண்டு தரம் சுத்தினா.

அதுக்குமேலை தர்மலிங்கத்தாலை பொறுக்கேலாமல், நாளைக்கு இது இறைச்சிக்குப் போகுது எண்டு சொல்லிப்போட்டார்.

"ஐயோ சார், யாராவது எடுத்து வளக்கலாமே," எண்டா சகுந்தலா.

"எடுங்கோ தங்கச்சி," எண்டா விமலாதேவி. "எல்லிங்ஸ்ருட்டிலை உங்கடை வீடு நாலாம் மாடிதானே, லிஃப்ற்றும் இருக்கு."

எல்லாரும் கார்த் திறப்பைத் தேடிச்சினம்.

விடிய லொறிக்காரன் வந்தான். நெத்தியைப் பாத்துப்போட்டு, இது காயமோ, காயப்பட்ட மாட்டை ஏத்தக்கூடாது எண்டான். தர்மலிங்கத்துக்கு ஓம் எண்டு வாய்வரைக்கும் வந்திட்டுது. பின்னாலை நாகு நோவெடுத்து, கட்ட இடமில்லாமல் கொட்டிலின்ரை நடைபாதையிலை படுக்கிறதும் எழும்புறதுமா நிண்டுது.

"காயமில்லை," எண்டார். "பொட்டு."

அப்ப துடைச்சு விடு, அங்கை கேப்பாங்கள் எண்டான் அவன்.

சுடுதண்ணியும் மடி துடைக்கிற துணியும் கொண்டந்தார். ஏழு வருசமா கறக்க முன்னம் அதின்ரை மடியைத் துடைச்ச அதே மாதிரித் துணி. குங்குமம் மயிருக்குள்ளை இறங்கி இன்னும் சிவந்துதே ஒழியப் போகேல்லை. அவர் அழுத்தித் துடைச்சார்.

சூட்டுத் துணி பட்டதும், கறக்கத்தான் வந்திருக்கிறார் எண்டு நினைச்சு, டாக்ரூஸ் பின்னங்காலை அகட்டிக் குடுத்துக்கொண்டு நிண்டுது.